கனம்

பார்மேருக்கு மேற்கே, தார் ரோடு
மணலைப் பார்த்து நின்றுவிடும் இடத்திலிருந்து
ஒன்பது கிலோமீட்டர் கேர்லியா டாணி.
ஒன்பது என்பது பனிக்காலக் கணக்கு.
கோடையில் காற்று திரும்பினால்
மேடுகள் இடம் மாறும்; பதினொன்றும் ஆகும்.

ரயில் உண்டு.
இரவு இரண்டேகாலுக்கு வடக்கே ஊதல் கேட்கும்.
கேட்பதை வசதி என்று எழுதலாமா,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

பஸ் கிடையாது. டகாராமின் ஜீப் இருக்கிறது.
பதினெட்டுப் பேர் ஏறினால்தான் சாவி திரும்பும்.
டீசல் விற்கிற விலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.
பதினாறு பேர் மடியில் மூட்டையோடு
கேஜ்ரி மரத்து நிழல்
வண்டியை விட்டு விலகிப்போவதைப் பார்த்திருப்பார்கள்.
"இன்னும் ரெண்டே பேர்" என்பான்.

ரோடும் அப்படித்தான்.
பாலைவனத்தில் இருநூற்றைம்பது தலை இருந்தால்
தார் போடலாம் என்று விதி.
போன கணக்கில் இருநூற்று நாற்பத்தேழு.
அன்றிலிருந்து ஊரே
ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இம்முறை எண்ணப் போனவன் நான்,
ஓராசிரியர் பள்ளியின் அந்த ஓராசிரியர்.
எந்த வீட்டிலும் ஆள் குறைவில்லை, திடீரென்று.
ஹுக்மாராம் தன் மூன்று மகன்களும்
உள்ளே தூங்குவதாகச் சொன்னார்.
வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு,
ஒன்றிலும் மணல் இல்லை.
அவர்கள் சூரத்தில் சேலை மடிப்பது
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
மோர் கொடுத்தார். குடித்தேன். எழுதவில்லை.

அமரி, செத்துப்போன கணவனின் ஆதாரை நீட்டினாள்:
"கார்டு உயிரோடதானே இருக்கு?"

அட்சய திருதியைக் கல்யாணங்களும் கைகொடுக்கவில்லை.
ஒருத்தி வந்தாள், ஒருத்தி போனாள்.

சகனி வயிற்றைக் காட்டினாள். "இதை எழுது."
"வந்ததும் எழுதுறேன்."
"எப்போ வரணுமாம்?"
"மாசக் கடைசி, நடு ராத்திரிக்குள்ள."
தவணை கேட்ட கடன்காரியைப் போலத்
தலையாட்டினாள்.

கூட்டினேன். இருநூற்று நாற்பத்தெட்டு.
மறுபடியும் கூட்டினேன்.
நான்கு வருஷமாகக் கரும்பலகைக்குக் கீழே படுக்கிறேன்.
அஜ்மீரில் அம்மா தன் வீட்டுப் படிவத்தில்
என்னைச் சேர்த்திருப்பாள்.
போன் போட்டு, வேண்டாம், எடுத்துவிடு என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"சரி, அங்கேயே எழுதிக்கோ."
இருநூற்று நாற்பத்தொன்பது.

மாசக் கடைசி, இரவு பதினொன்றரை.
சகனிக்கு இடுப்புவலி கண்டது.
டகாராம் ஆளுக்காகக் காத்திருக்கவில்லை.
அவள், அவள் நாத்தனார் தீபு, டார்ச்சோடு நான்.
கிளம்பும்முன் கோதுமை மூட்டை ஆறை
பின்சீட்டில் உருட்டிப் போட்டான்.
"காலி வண்டி மணலில் பிடிக்காது சார்.
கனம் வேணும்."
இத்தனை வருஷமும் அவன் கேட்டது
டீசல் காசு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்தது.
சாக்கு போட்டோம், ஓடனை உருவிப் போட்டாள் தீபு,
முட்டி தேயத் தள்ளினோம்.
தார் தொடங்க முந்நூறு மீட்டர் இருக்கையில்
"நிறுத்து" என்றாள் சகனி,
யாரிடமும் அனுமதி கேட்காத குரலில்.

பிறகு அழுகை. பெண்.
டார்ச்சை மூட்டைமேல் வைத்துவிட்டு
திரும்பி நின்றுகொண்டேன்.
"யாரும் மணி பார்க்கலை" என்றான் டகாராம்
என் மணிக்கட்டைப் பார்த்தபடி.

அப்போதுதான் வடக்கே ரயில் ஊதியது.
நாங்கள் மூவரும் அந்தப் பக்கம் பார்த்தோம்.
நீளமாக, அவசரமில்லாமல், போய் முடிந்தது.

தீபு குழந்தையை என் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"பாவி, இன்னைக்கு ரொம்ப முன்னாடியே போறான்."

படிவம் பையில் இருந்தது.
கடைசி வரியை இன்னும்
பென்சிலில்தான் வைத்திருந்தேன்.